ஒரு நாளில் போய்வர எந்தக் கடலோரப் பழைய ஊர்? படிப்படியான வழிகாட்டி

கடலோரப் பழைய ஊர் ஒன்றுக்குக் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஊரை முடிவு செய்துவிடுகிறார்கள். நாளையும் வண்டியையும் பிறகு அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறார்கள். கும்பகோணத்தில் வசிக்கும் நான் பல ஆண்டுகளாக உறவினர்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இந்தக் கரையோர ஊர்களுக்குப் போய்வருகிறேன். சரியாக அமையாத பயணங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில்தான் தடுமாறின. காலையும் மாலையும் எந்தக் கடற்கரை ஊரிலும் நன்றாகவே கழியும். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட பொழுதை எங்கே கழிப்பது என்பதை யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. கீழே உள்ள வரிசை அந்த நண்பகலை மனத்தில் வைத்து அமைத்தது.

1. தொடங்கும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: யார் யார் வருகிறார்கள், அவர்களில் மிக மெதுவாக நடப்பவர் யார், எந்தெந்த நாட்கள் வசதிப்படும், ஒவ்வொருவரும் அந்த ஊரில் செய்ய விரும்பும் ஒரே ஒரு காரியம் என்ன.

கடைசிக் கேள்வியை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்து பேசும்போது வீட்டுப் பெரியவர்கள் "எனக்கு எதுவானாலும் சரி" என்றுதான் சொல்வார்கள்; தனியாகக் கேட்டால்தான் அத்தைக்கு வேண்டியது கோயில், சித்தப்பாவுக்கு வேண்டியது புதிதாகப் பிடித்த மீனில் ஒரு சாப்பாடு, பிள்ளைகளுக்கு வேண்டியது அலையில் கால் நனைப்பது மட்டுமே என்பது தெரியவரும். இந்த விருப்பங்களில் மூன்றில் இரண்டு பங்காவது நிறைவேறும் ஊரையே தேட வேண்டும் என்பதால் இந்தப் பட்டியல் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நாட்காட்டி ஒன்றும் கையில் இருக்கட்டும். அமாவாசை, முகூர்த்த நாள் ஆகியவை குறிக்கப்பட்ட தினசரி நாட்காட்டியே போதும்.

2. ஊருக்கு முன் நாளை முடிவு செய்யுங்கள்

ஒரே ஊர் இரண்டு வெவ்வேறு நாட்களில் இரண்டு வெவ்வேறு ஊராக இருக்கும். முதலில் பருவத்தைப் பாருங்கள். சோழமண்டலக் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் உருவானால் பயணமே கைவிட்டுப்போகும். ஜனவரி முதல் மார்ச் நடு வரையிலான நாட்களே வெயிலுக்கும் கடலுக்கும் ஏற்றவை. மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்திருக்கும்போது கடற்காற்று கரையேறத் தாமதமாகும் என்பதும், அதனால் கடலோரத்திலேயே நின்றாலும் பிற்பகலில் அனல் அடிக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

மீன் சாப்பாடும் மீன் ஏலமும் உங்கள் பட்டியலில் இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அந்நாட்களில் நாட்டுப் படகுகள் மட்டுமே கடலுக்குப் போகும். ஏலத்தில் கூட்டம் குறையும், வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களின் விலை ஏறும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

அடுத்து வார விடுமுறை. தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. இதைப் பார்க்காமல் ஒரு வெள்ளிக்கிழமையில் தஞ்சாவூரிலிருந்து வந்த உறவினர் குடும்பத்தை நான் அழைத்துப் போய், பூட்டிய கதவுக்கு முன் நின்று திரும்பியிருக்கிறேன். வரலாற்றுப் பாடத்துக்காகக் குறிப்பேட்டுடன் வந்திருந்த பிள்ளையிடம் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

கடைசியாகக் கூட்டம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கடலில் நீராடித் தர்ப்பணம் செய்யும் ஊர்களான இராமேசுவரம், வேதாரண்யம், பூம்புகார் ஆகியவற்றில் வேறு நோக்கத்தோடு போகிறவர்களுக்கு இடமிருக்காது. காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தையும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியையும், தசராவின்போது குலசேகரப்பட்டினத்தையும், கந்த சஷ்டியின்போது திருச்செந்தூரையும் அந்தந்த விழாவுக்காகவே போகிறவர்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

3. ஊரில் நிற்கும் நேரத்தைக் கடைசி வண்டியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் "ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குப் போய்விடலாம்" என்று முன்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். கடலோரச் சிற்றூர்களுக்கு மாலைக்குப் பின் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால் கணக்கு திரும்பும் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முந்தைய பேருந்தையே உங்கள் பேருந்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து ஏதோ காரணத்தால் வராமல் போனால் அடுத்த வழி இல்லை.

ஒரு வழிப் பயணம் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது என் வரம்பு. அதற்கு மேல் போனால், போகும்போது இருக்கும் உற்சாகம் திரும்பும்போது இருக்காது; பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள், பெரியவர்களுக்குக் கால் வீங்கும்.

தூரத்தைக் கணக்கிடும்போது ஊரின் பெயர்ப்பலகை வரை மட்டும் கணக்கிடுவது இன்னொரு தவறு. மதுரையிலிருந்து இராமேசுவரம் சுமார் 170 கி.மீ. என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், அவர்கள் உண்மையில் பார்க்க விரும்பும் தனுஷ்கோடி அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 20 கி.மீ. என்பதையும், மாலையில் அங்கிருந்து எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் போன பிறகுதான் அறிகிறார்கள். அது ஒரு நாள் பயணத்துக்குரிய ஊரே இல்லை. அங்கே ஓர் இரவு தங்க வேண்டும்.

4. நண்பகலைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியின் முக்கியமான படி இதுதான். ஊரின் பெயரை எழுதி, அதன் கீழ் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

முதல் கேள்வி: பன்னிரண்டு மணிக்கு எந்த நிழலில் இருப்போம்? "கோயிலில் இருப்போம்" என்பது பெரும்பாலும் தவறான பதில். பகல் பூசை முடிந்ததும் பல கோயில்களில் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கப்படும். கோட்டைகளிலும் ஏமாற்றம் உண்டு. ஒரு மே மாதத்தில் அத்தையோடு கடலோரக் கோட்டை ஒன்றின் மதிலோரம் நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உச்சிவெயிலில் அந்த உயரமான மதிலின் நிழல் ஒரு முழ அகலத்துக்குத்தான் விழுந்தது. அத்தை முதுகைச் சுவரோடு ஒட்டி, செருப்பின் நுனி வெயிலில் படாமல் பாதத்தை உள்ளிழுத்து நின்றுகொண்டிருந்தார். கடலிலிருந்து எழுபது எண்பது அடி தூரத்தில்தான் இருந்தோம். ஆனால் கொதிக்கும் மணலைத் தாண்டி அந்தத் தண்ணீருக்குப் போக முடியவில்லை.

இரண்டாவது கேள்வி: உட்கார்ந்து சாப்பிட இடம் எது? வரலாற்றுப் புகழ் பெற்ற ஊரில் உணவகங்கள் நிறைய இருக்கும் என்று எண்ண வேண்டாம். மீனவர் குடியிருப்பும் கோட்டையும் மட்டுமே உள்ள ஊர்களில் தேநீர்க் கடையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போகலாம். நல்ல சாப்பாடு நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி, அடுத்த கடைத்தெருவில் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: பெண்களும் முதியவர்களும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எங்கே? இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவு, உடன் வரும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, மதியத்துக்குள் தலைவலியோடு சோர்ந்துவிடுவது. ஊரில் பொதுக் கழிப்பறை சரியில்லை என்று தெரிந்தால், அருகிலுள்ள நகரத்தில் உணவகம் ஒன்றை நண்பகலுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் இரண்டுக்கு உறுதியான பதில் இல்லாத ஊரை நிராகரித்துவிட வேண்டியதில்லை. அதை அரை நாள் ஊராகக் கொண்டு, காலை எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

5. கடலோடு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிழக்குக் கரைக்கு வருகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடல் கிழக்கில்தான் இருக்கிறது. அங்கே பார்க்கக் கிடைப்பது உதயம். மறைவு வேண்டுமானால் முட்டம், குளச்சல் போன்ற குமரி மாவட்ட மேற்குக் கரை ஊர்களுக்குப் போக வேண்டும். உதயம் பார்க்க நினைத்தால் மே மாதத்தில் 5:45 மணிக்கே சூரியன் எழுந்துவிடும் என்பதால் வெளியூரிலிருந்து அன்று காலையில் வந்து பார்க்க இயலாது. ஜனவரியில் 6:30 வரை நேரம் கிடைக்கும்.

குளிப்பதைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தக் கரையில் பல இடங்களில் அடி சட்டென்று இறங்கும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். ஆற்றிலும் கிணற்றிலும் நீந்தத் தெரிந்தவர்கள்தான் துணிந்து இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். இறங்குவதற்கு முன் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாராவது ஒரு பெரியவரிடம் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்டபோது, கையிலிருந்த ஊசியை நிறுத்தாமல் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இன்னைக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. முட்டிக்கு மேல பிள்ளைங்கள விடாதீங்க" என்றார். எனக்கு அமைதியாகத் தெரிந்த கடல்தான் அது. முகத்துவாரங்களில் இறங்கவே வேண்டாம். ஆற்று நீரும் கடல் நீரும் மோதும் இடத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. யாரையாவது நீரோட்டம் உள்ளே இழுத்தால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் ஏறிப் படம் எடுப்பதும் வழக்கமான தவறு. நீர்மட்டத்தை ஒட்டிய கற்களில் பாசி படர்ந்திருக்கும். ஈரம் காய்ந்து கறுப்பாகத் தெரியும்போதும் வழுக்கும்.

படகுச் சவாரியை உயிர்க்காப்பு அங்கி இல்லாமல் ஏற்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் சென்ற 22 பேர் உயிரிழந்தார்கள்.

6. இரண்டு ஊர்களை எதிரெதிரே வைத்துப் பாருங்கள்

ஒரே ஊரை மட்டும் யோசித்தால் அதன் குறை கண்ணுக்குத் தெரியாது. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் பழவேற்காடும் மாமல்லபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. பழவேற்காட்டுக்குப் புறநகர் ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகளையும், செதுக்கிய கல்லறைகள் கொண்ட டச்சுக்காரர் இடுகாட்டையும் பார்க்கலாம். ஆனால் நண்பகலுக்கு நிழல் மிகக் குறைவு. ஆகவே அது அரை நாள் ஊர். மாமல்லபுரத்தில் வராக மண்டபம், மகிடாசுரமர்த்தினி மண்டபம் போன்ற குடைவரைகள் உள்ள குன்றுப் பகுதி உச்சிவெயிலுக்கும் குளிர்ச்சியாக இருக்கும். எனவே காலையில் கடற்கரைக் கோயில், பதினொன்றுக்கு மேல் குன்று என்று வரிசைப்படுத்தினால் நாள் முழுவதையும் அங்கேயே கழிக்கலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, கடற்கரைக் கோயிலின் திறந்தவெளியில் ஒரு மணிக்கு வந்து நிற்கிறார்கள். நேரம் மிஞ்சினால் தெற்கே சுமார் 15 கி.மீ. தள்ளியிருக்கும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போய்வரலாம்.

முதியவர்கள் மிகுந்த குழுவுக்குப் புதுச்சேரிதான் என் முதல் தேர்வு. மரநிழல் தெருக்கள், பாரதி பூங்கா, உணவகங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை அனுமதிப்பதில்லை என்பதால் கைத்தடியோடு நடப்பவரும் அச்சமின்றி நடக்கலாம்.

திருநெல்வேலிப் பக்கத்தினருக்குத் திருச்செந்தூரும் அதற்குத் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள மணப்பாடும் ஒரே நாளில் அமையும். மணப்பாட்டுக் குன்றின் மேல் நிழல் கிடையாது. ஆகவே அங்கே காலையிலோ மாலையிலோதான் போக வேண்டும். வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வண்டிக்குள் வைத்தால் இளகிவிடும்.

7. ஒரு முழு எடுத்துக்காட்டு: கும்பகோணத்திலிருந்து தரங்கம்பாடி

எங்கள் பட்டியலில் கோயில், பழைய கோட்டை, கடல் ஆகிய மூன்றும் இருந்ததால் தரங்கம்பாடியும் திருக்கடையூரும் சேர்ந்த நாளைத் தேர்ந்தோம். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகப் போகும் சாலையில் முதலில் திருக்கடையூரும், அங்கிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் தரங்கம்பாடியும் வருகின்றன. வழியில் முதலில் வருகிறது என்பதால் எல்லாரும் முதலில் திருக்கடையூரில் இறங்குகிறார்கள்; தரிசனம் முடித்துத் தரங்கம்பாடி சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. நாங்கள் வரிசையை மாற்றினோம்.

காலை ஆறு மணிக்குள் கும்பகோணத்தில் ரயிலேறி மயிலாடுதுறையில் இறங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். காலை உணவை மயிலாடுதுறையிலேயே முடித்துவிடுங்கள்; இதற்குப் பின் நல்ல சாப்பாடு மதியம்தான்.

பேருந்து தரங்கம்பாடியின் முதன்மைச் சாலையில் இறக்கிவிடும். 1792இல் கட்டப்பட்ட நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. பத்து நிமிட நடை. காலையில் சூரியன் எதிரே கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் போகும்போது எங்கும் நிற்காமல் நேரே கடலுக்குப் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் கரையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். மாசிலாமணிநாதர் கோயிலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கரைவலை இழுப்பதைக் காண நேர்ந்தால் சற்றுத் தள்ளி நின்று பொறுமையாகப் பாருங்கள். இரு முனைகளிலும் இரண்டு வரிசையாக நின்று, குதிகாலை மணலில் பதித்துச் சாய்ந்து இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வரும். கடைசியில் மீன் சேர்ந்திருக்கும் வலையின் மடி கரையேறும்போது நெத்திலி வெள்ளைத் துணியை உதறியது போல ஒரே நேரத்தில் துள்ளும். விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டிக் குதிப்பதைப் பிள்ளைகளுக்குத் தடை செய்யுங்கள். கயிறு நழுவினால் அடி பலமாக இருக்கும். அது அவர்களுடைய அன்றைய பிழைப்புக்கு நடுவில் நாம் புகுவதும் ஆகும்.

பத்து மணியளவில் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் சென்று அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1620இல் டென்மார்க் நாட்டவரான டேனியர் கட்டிய கோட்டை அது. மேல்தளத்துக்கு ஏறும் படிகள் முதியவர்களுக்குக் கடினம், கீழ்த்தளத்து அறைகள் குளிர்ச்சியாக இருக்கும். ஆகவே மெதுவாக நடப்பவரைக் கீழே ஒருவரோடு அமர்த்திவிட்டு மற்றவர்கள் மேலே போங்கள். திரும்பும்போது வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். அப்போது ராஜ வீதியில் சீயோன் தேவாலயத்தையும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கும் 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயத்தையும் பார்த்துக்கொண்டு வாயிலுக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையானால் வழிபாடு முடியும் வரை வெளியே காத்திருங்கள்.

பதினொன்றரைக்குத் திருக்கடையூர் செல்லும் பேருந்து. மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் வருகிறவர்களுக்காக அங்கே விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைய உண்டு. அரை நாளுக்கு ஓர் அறை எடுத்து, சாப்பிட்டுவிட்டு மூன்றரை வரை பெரியவர்களைப் படுக்கச் சொல்லுங்கள். எங்கள் நாளைக் காப்பாற்றியது இந்த அறைதான். முகூர்த்த நாட்களில் இந்த அறை கிடைக்காது. அதற்காகத்தான் முதல் படியில் நாட்காட்டியைச் சொன்னேன். மாலையில் நடை திறந்ததும் அபிராமியையும் அமிர்தகடேசுவரரையும் தரிசித்துவிட்டு, ஐந்தரைக்குள் மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறிவிடுங்கள்.

8. முந்தைய நாள் மாலை

வானிலை அறிவிப்பைப் பாருங்கள். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலோ, கடல் சீற்றத்துக்கான எச்சரிக்கை வந்திருந்தாலோ நாளை மாற்றுங்கள். வெயிலடிக்கும் தெளிவான நாளிலும் தொலைவில் எழுந்த பேரலைகள் கரைக்கு வந்து சேர்வதுண்டு. கள்ளக்கடல் என்று அழைக்கப்படும் அந்த நிகழ்வுக்கும் முன்னெச்சரிக்கை தருகிறார்கள்.

பையில் வைக்க வேண்டியவை குறைவு: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, மாற்று உடை, பழைய துண்டு, மணல் ஒட்டிய செருப்புக்கு ஒரு பை, சில்லறை. மணலில் சக்கரப் பெட்டி நகராது. தோளில் மாட்டும் பையே ஏற்றது.

கால் கழுவ ஒரு புட்டியில் சாதாரணத் தண்ணீரைத் தனியாக எடுத்து வையுங்கள். உப்பு நீர் காய்ந்த காலோடு இரண்டு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்தால் விரலிடுக்கில் மணல் உராய்ந்து பிள்ளைகளுக்குப் புண்ணாகும். கடலை விட்டுக் கிளம்பும்போது, செருப்பு மாட்டுவதற்கு முன், சாலையோரத்தில் நிறுத்தி ஒவ்வொருவர் காலிலும் ஊற்றித் துண்டால் துடைத்துவிடுங்கள்.